பேய்த்தேரும் நன்காடும்: பயிலாத சொற்களைப் பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் இலக்கியப் பக்கத்தில் வெளியான கட்டுரையொன்று, புதிதாக எழுத வருபவர்கள் அச்சமூட்டும் பழஞ்சொற்களையும் வழக்கொழிந்த விநோதச் சொற்களையும் தேடிப் படித்து, அவற்றிலிருந்து கதைக்கும் கவிதைக்கும் தூண்டுதல் பெறலாம் என்று வலியுறுத்தியிருந்தது. நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் முடிவில் தரப்பட்டிருந்த பட்டியல், அதாவது அலகை, கூளி, குறளி, கழுது, காட்டேரி என்று நீண்ட அந்த வரிசை, எழுதுபவருக்கு எந்த அளவுக்கு உதவும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பேய்க்கு எத்தனை பெயர்கள் என்று தெரிந்துகொண்டதால் மட்டும் யாருக்கும் பேய்க்கதை எழுத வந்துவிடாது. கதைகளுக்கு மெய்ப்புத் திருத்துவதையே நெடுங்காலமாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இது பற்றிச் சிலவற்றைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

என் மேசைக்கு வரும் திகில் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் சில உண்டு: 'அமானுஷ்யமான அமைதி', 'இனம்புரியாத பயம்', 'மர்மப் புன்னகை'. இவை ஒரு காலத்தில் எவரையோ நடுங்கவைத்திருக்கக்கூடும். இப்போது இவற்றைப் படிக்கும் வாசகர், கதை தம்மைப் பயப்படச் சொல்கிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டு, பயப்படாமலேயே அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். இந்த இடத்தில் 'பேய்' என்பதை எடுத்துவிட்டுக் 'கழுது' என்று போட்டால் என்ன ஆகும்? பழைய குறை அப்படியே இருக்க, அகராதியைப் புரட்டும் வேலை ஒன்று புதிதாகச் சேரும், அவ்வளவுதான். சொல் அரிதாக இருப்பது அதன் வலிமை ஆகாது. அந்தச் சொல் உலகத்தில் எதைப் பார்த்து உண்டானது, எதைச் சொல்லாமல் மறைக்கிறது, எந்த இரண்டு பொருள்களுக்கு நடுவே நின்று தடுமாறுகிறது என்பவற்றில்தான் எழுதுபவருக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

அச்சம் என்ற உணர்வைத் தமிழில் முதலில் வகைப்படுத்தியவர் தொல்காப்பியர். உணர்வுகள் உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலில் 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையென' அச்சத்துக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறார். நான்கில் மூன்று, அதாவது விலங்கும் கள்வரும் அரசனும், எலும்பும் சதையுமாக எதிரே வந்து நிற்பவை; அணங்கு ஒன்று மட்டுமே கண்ணுக்கு அகப்படாதது. இந்த விகிதத்தையே இன்றைய திகில் எழுத்தாளர்களுக்கு நான் பரிந்துரைப்பேன். அச்சத்துக்குப் பக்கத்திலேயே அவர் மருட்கை என்ற மெய்ப்பாட்டையும் வைத்து, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பவற்றால் அது பிறக்கும் என்கிறார். கட்டுரையாளர் எந்த உணர்வைத் தேடுகிறாரோ அது முழுக்க அச்சமும் அல்ல, முழுக்க வியப்பும் அல்ல; இரண்டும் ஒன்றையொன்று இன்னதென்று அறியாமல் உரசும் இடம் அது. வியப்புக்குச் 'சிறுமை'யும் காரணம் என்று ஒரு பழைய இலக்கணம் சொல்வது எனக்கு எப்போதும் அதிசயமாகவே இருக்கும். எதையும் பெரிதாக்கிக் காட்டினால்தான் வாசகர் மிரள்வார் என்று நம்புகிறவர்கள் அந்த ஒரு சொல்லின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அதே தொல்காப்பியத்தில், உரிச்சொற்களைப் பற்றிய உரியியலில் இன்னும் விநோதமான செய்தி இருக்கிறது. 'பேம் நாம் உரும் என வரூஉம் கிளவி' மூன்றும் அச்சப் பொருளைத் தரும் என்கிறது நூற்பா. பேம் என்பதைப் பார்த்ததும் பேய் நினைவுக்கு வருவது இயல்பு. உரும் என்றால் இடி, அதுவும் விளங்குகிறது. நாம்? நாள்தோறும் நம்மைச் சுட்ட நாமே பயன்படுத்தும் சொல்லின் அதே வடிவத்தில் அச்சம் என்றொரு பொருள் பழந்தமிழில் இருந்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு சொற்கள், தற்செயலாக ஒரே ஒலி பெற்றவை என்று மொழியியலார் சொல்லக்கூடும்; எழுதுபவருக்கு அந்தத் தற்செயலே போதும். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் மழையைப் போற்றும் இடத்தில் வரும் 'நாமநீர் வேலி உலகிற்கு' என்ற தொடரைப் பாடமாகப் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். உலகத்தைச் சூழ்ந்த கடல், அச்சம் தரும் நீராலான வேலி என்பது அதன் பொருள். மங்கல வாழ்த்தின் நடுவில், எல்லோரும் போற்றிப் பாடிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே உரியியலில் 'உரு உட்காகும்' என்றும் இருக்கிறது. உட்கு என்றால் அச்சம். உருவத்தைக் குறிக்கும் சொல்லின் அதே வடிவத்துக்கு அச்சம் என்று பொருள் எழுதிவைத்த மொழியில், உருவமில்லாததைக் கண்டுதான் பயப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பேய்ப் பெயர்ப் பட்டியலைவிட நூறு மடங்கு பயன் தரக்கூடியது என்று நான் கருதும் சொல் 'பேய்த்தேர்'. கட்டுரையில் அது இடம்பெறவில்லை. பாலை நிலத்து வெயிலில் தூரத்தே நீர் அலைவதுபோல் தெரியும் கானலுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. வெண்தேர் என்றும் வழங்கியிருக்கிறார்கள். அகநானூற்றில் இதை விரித்து 'உருவில் பேஎய் ஊராத் தேர்' என்று ஒரு தொடர் வருகிறது. உருவம் இல்லாத பேய், ஏறிச் செலுத்தாத தேர்! இரண்டு எதிர்மறைகள் சேர்ந்து, இல்லாத ஒருவன் ஓட்டாத ஒரு வண்டியைக் கண்முன் ஓடவிடுகின்றன. எதையும் உறுதிப்படுத்தாமல், எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே ஒரு காட்சியை உண்டாக்கும் இந்த வித்தையை, 'அங்கே யாரோ இருப்பதுபோல் தோன்றியது' என்று எழுதிப் பழகியவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதே பாடலில் பாலை வழியில் கிடக்கும் பரற்கற்கள் மின்மினி போல இமைக்கின்றன என்றும் இருக்கிறது. உச்சிவெயிலில் மின்மினி. இரவுக்கு உரிய ஒன்றைப் பகலில் கொண்டுவந்து வைத்த மாத்திரத்தில், இருட்டின் உதவி இல்லாமலேயே அந்த நிலம் நடக்கத் தகாத நிலமாகிவிடுகிறது. சிறுபொழுது ஆறில் பாலைக்கு நண்பகலை ஒதுக்கிய மரபு, அச்சத்துக்கு நள்ளிரவு மட்டுமே உரியதல்ல என்பதை அன்றே அறிந்திருக்கிறது. கதை என்றால் மணி பன்னிரண்டு அடிக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்ற வாய்பாடு எப்போது நம்மிடம் ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை.

பேய்த்தேரின் இன்னொரு சிறப்பு, அது கதையைத் தானே கேட்கிறது என்பது. தேர் என்றால் அது எங்கிருந்து எங்கே போகிறது? யாருக்காக? அதைத் தூரத்தில் கண்டவன் நடக்க நடக்க அது விலகிக்கொண்டே போவது கானலின் இயல்பு. ஒரு நாள் அது விலகாமல் நின்றால்? இத்தனை கேள்விகளை ஒரே சொல் எழுப்புகிறது. அலகை என்ற சொல்லிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். 'பேய்' என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அது வாயை மூடிக்கொள்ளும். அதையும் உயிர்ப்போடு பயன்படுத்தியவர் ஒருவர் உண்டு. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்று சொல்பவன் அலகையாக வைக்கப்படுவான் என்றார் திருவள்ளுவர். அங்கே பேய் என்பது புளியமரத்தில் இல்லை. ஊரோடு ஒவ்வாமல் பேசும் மனிதனாக நடமாடுகிறது. சொல்லின் பொருளை அவர் மாற்றவில்லை, அது நிற்கும் இடத்தை மாற்றினார்.

இனி, சொல்லாமல் மறைக்கும் சொற்களைப் பற்றி. நேராகச் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்லும் தகுதி வழக்கை, நன்னூல் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. மங்கலத்துக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள், செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விடுகிறோம். நன்காடு என்ற சொல்லை ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'நல்ல' என்று சொல்லவேண்டிய அளவுக்கு அந்த இடத்தில் என்ன இருந்தது? பெரியவர்கள் பேச்சில் அடிக்கடி 'நன்காடு' என்று காதில் விழக் கேட்டு வளரும் குழந்தை ஒன்று, அது மரமும் பறவையும் நிறைந்த நல்ல காடு என்றே நம்பிக்கொண்டிருந்தால், ஒரு பிற்பகலில் அதைத் தேடிக்கொண்டு தனியே புறப்பட்டால், கதைக்கு வேறு பேய் வேண்டியதில்லை. சுடுகாடு என்ற நேரான சொல்லால் இந்தக் கதையைத் தொடங்கியிருக்கவே முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சம் அந்த இடத்தில் இல்லை; அதற்கு மற்றவர்கள் கூடிப் பேசி வைத்த நல்ல பெயரில் இருக்கிறது.

துஞ்சுதல் இதைவிட ஆழமானது. உறக்கத்துக்கும் சாவுக்கும் ஒரே சொல். சங்கப் பாடல்களின் கீழுள்ள பழைய குறிப்புகளில் மன்னர்களை அடையாளப்படுத்தும் பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். ஒரே பெயருடைய அரசர்கள் பலர் இருந்ததால், யார் எங்கே இறந்தார் என்பதைச் சேர்த்து வேறுபடுத்தியிருக்கிறார்கள். வரலாற்று ஆய்வாளருக்கு இது வசதியான குறிப்பு. எனக்கோ ஒவ்வொரு முறை படிக்கும்போதும் முதுகு சில்லிடும். வாழ்ந்த காலத்தில் அந்த மன்னனுக்கு இந்தப் பெயர் இல்லை; அவன் தன் முழுப் பெயரை ஒருபோதும் கேட்டதில்லை. தன் பெயரை நிறைவு செய்யப்போகும் கட்டிடத்துக்குள் அவன் நாள்தோறும் போய் வந்திருப்பான். இந்தப் பெயரை அவன் உயிரோடிருக்கும்போதே யாரோ ஒரு பாணன் வாய்தவறிச் சொல்லிவிட்டால் அந்த அவையில் என்ன நடக்கும் என்று எழுத, எந்த அரிய சொல்லும் தேவையில்லை. 'துஞ்சிய' என்ற எச்சம் ஒன்றே போதும்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் எழுத்தாளர்கள் அச்சத்தைப் பெரும்பாலும் கண்ணுக்கே காட்டுகிறார்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்தை அடுத்த சுடுகாட்டை விவரிக்கும் பகுதி, அதைக் காட்டுவதைவிட அதிகமாகக் கேட்கவைக்கிறது. முதலில் 'சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர், தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்' என்று பிணத்தை என்னென்ன செய்கிறார்கள் என்பது ஒரு வேலைப் பட்டியல்போல் உணர்ச்சியின்றி வருகிறது. பிறகு ஓசைகள் தொடங்குகின்றன. துறவோர் இறந்தால் தொழுவிளி, மற்றவர் இறந்தால் அழுவிளி, நரிக்குத் தீவிளி. இவற்றோடு 'சாவோர்ப் பயிரும் கூகையின் குரல்', அதாவது இனிச் சாகப்போகிறவர்களை இப்போதே அழைக்கும் கூகை என்ற பெரிய ஆந்தையின் குரல். இங்கே மூன்று முறை வரும் விளி என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். விளித்தல் என்றால் கூப்பிடுதல். விளிதல் என்றால் சாதல். இலக்கண வகுப்பில் எட்டாம் வேற்றுமையை விளி வேற்றுமை என்று கற்றுத் தரும்போது, இந்த இரண்டாவது பொருளை எவரும் சொல்லித் தருவதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் அவர் இல்லாமல் போவதும் ஒரே அடியில் கிளைத்ததுபோல் தோன்றும் சொல் கையில் கிடைத்தபின், இரவில் வெளியிலிருந்து பெயர் சொல்லி யாரோ கூப்பிடும் கதையை எத்தனை பேர் எழுதியிருந்தாலும், அதைப் புதிதாக எழுத ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது.

காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகம் இன்னொரு பாடம். அங்கே வாகை மரத்தின் வெண்ணெற்றுகள் காற்றில் ஒலிக்கின்றன, கூகையும் ஆண்டலைப் பறவையும் பாடுகின்றன, ஆந்தை கிளைமேல் குதித்து ஓடுகிறது. உலர்ந்த நெற்றுக்குள் விதை ஆடும் அந்தச் சலசலப்பு, ஊளைகளைவிட நெருக்கமாகக் காதோரம் கேட்கிறது. அந்தக் காட்டில் வாழும் பெண்பேய் என்ன செய்கிறது என்பதையும் அம்மையார் சொல்கிறார்: கள்ளிமரத்தின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கடைக்கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை எழுதுகிறது. குண்டு கண்ணையும் குழிவயிற்றையும் பற்றிய வருணனைகளைப் பிற்காலத்தார் எத்தனையோ முறை நகலெடுத்துவிட்டார்கள். மை எழுதும் அந்தச் செயலை மட்டும் யாராலும் தாண்ட முடியவில்லை என்பது என் எண்ணம். அதில் உள்ள சொற்கள் எல்லாமே வீட்டுச் சொற்கள்தாம். இவ்வளவுக்கும் தம்மைக் 'காரைக்காற் பேய்' என்று சொல்லிக்கொண்டவர் அவர். ஆகவே அந்தப் பேயின் ஒப்பனையை வெளியே நின்று வேடிக்கை பார்த்தவராக அவரை எண்ண முடியவில்லை.

வீட்டுச் சொற்கள் என்று சொன்னதால், அன்றாட வழக்கிலேயே புழங்கும் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். ஆவி. கொதிக்கும் நீரிலிருந்து எழுவதும் ஆவி, உடலை விட்டுப் போவதும் ஆவி, போன பிறகு திரும்பி வருவதாக நம்பப்படுவதும் ஆவி. சளி பிடித்தவர் ஆவி பிடிக்கிறார். 'அவன் ஆவி பிடித்தான்' என்பதில் அச்சம் ஏதுமில்லை. 'அவனை ஆவி பிடித்தது' என்று எழுதுங்கள். மறைந்திருந்த இரண்டாம் வேற்றுமை உருபு ஓர் இடம் நகர்ந்து வெளிப்பட்டது, வினைமுற்று மாறியது, மருத்துவம் போய் வேறொன்று வந்துவிட்டது. போர்வைக்குள் பாத்திரத்தோடு குனிந்திருக்கும் ஒருவரைப் பற்றி முதல் வாக்கியத்தில் தொடங்கி, இரண்டாம் வாக்கியத்தில் முடியும் சிறுகதையைத் தமிழில் மட்டுமே எழுத முடியும் என்று நினைக்கிறேன். இதேபோல் இரட்டைக்கிளவி. 'இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம் சொல்லும் விதி. சரசர என்பதைப் பிரித்தால் பொருள் நிற்காது. அப்படியானால், சருகுகளுக்கு நடுவில் 'சர' என்று ஒரு முறை மட்டும் கேட்டு, அடுத்தது கேட்காமலே போனால்? காலை வைத்தது எதுவோ, அது மறு காலை இன்னும் வைக்கவில்லை. விதியை மீறுவதாலேயே அந்த அரைச்சொல்லில் ஒருவர் மூச்சடக்கி நிற்பது தெரிகிறது. (மெய்ப்புத் திருத்துபவன் இதை அச்சுப்பிழை என்று நினைத்துச் 'சரசர' என்று மாற்றிவிடும் அபாயம் உண்டு, ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுவது நல்லது.)

இத்தகைய சொற்களை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, கட்டுரையாளர் அகராதியைக் காட்டியிருந்தார். சரிதான். ஆனால் எப்படித் தேடுவது என்பதும் முக்கியம். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள், அதாவது பழைய சொற்பொருள் நூல்கள், ஒரு பொருளின் பல பெயர்களை ஓரிடத்தில் திரட்டிப் பாட்டாகத் தந்தன; அதனால் நிகண்டைத் திறப்பவருக்குப் பேயின் பெயர்கள் மொத்தமாகக் கிடைக்கும். அந்தப் பட்டியல் பிறந்த வழியும் இதுவாகவே இருக்கலாம். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732ஆம் ஆண்டில் வந்தபிறகு அகரவரிசை நம்மிடம் நிலைபெறத் தொடங்கியது. சொற்கள் பொருள் உறவை விட்டுப் பிரிந்து, எழுத்து உறவால் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தன. எழுதுபவருக்கு இந்த அகரவரிசை பெரிய கொடை. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அதில் 'பேய்' என்று தொடங்கும் பகுதியை மட்டும் வரிசையாகப் படித்தால், பேய்ச்சுரை, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி, பேய்க்கரும்பு என்று ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும். மனிதர் உண்ணும் காய்க்கு மனிதர் உண்ண முடியாத ஓர் இரட்டை உண்டு, கசப்பும் காடும் சேர்ந்த அந்த இரட்டைக்குப் பேய் என்ற அடைமொழி என்பது அங்கே புரிகிறது. அதையே மனிதர்களுக்கும் நீட்டிப் பார்க்கலாமே என்று தோன்றினால் அடுத்த கதை தயார். கணினியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடினால் அந்தச் சொல் மட்டும் வந்து நிற்கும், அண்டை வீட்டார் வரமாட்டார்கள். அதனால்தான் அச்சிட்ட தொகுதியை நான் இன்னும் விடவில்லை.

வழக்கில் இல்லாத சொற்களைக் கதையில் போட்டால் வாசகர் ஓடிவிடுவார் என்று பதிப்பகத்தார் அடிக்கடி சொல்வதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் மூன்று அரிய சொற்கள் வந்தால் என்னைப் போன்றவர்களே பெருமூச்சு விடுவோம். ஆயினும் உரியியலின் முதல் நூற்பாவிலேயே இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது: 'பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி'ப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது அது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் தோளில் சாய்த்து வைக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் பொருள் எழுதுவதும் அடிக்குறிப்பு இடுவதும் சார்த்துவது ஆகாது. 'தூரத்தில் பேய்த்தேர் ஓடியது. அதை நீர் என்று நம்பிக் கழுதை வேகமாக நடந்தது' என்று எழுதினால் பேய்த்தேர் இன்னதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழுதைக்கு இருக்கும் தாகம் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதிவிடுகிறது. அதே இயலில் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்றும் ஒரு நூற்பா உண்டு. ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்பது வெளிப்படையாகத் தெரியாது என்கிறது அது. இலக்கண ஆசிரியர் இதை ஒரு எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கலாம். திகில் கதை எழுதுபவருக்கு இதைவிட நல்ல அனுமதிச்சீட்டு வேறு கிடையாது. ஆகவே தம் சொல்லின் மூலத்தைக் கதைக்குள் ஆராய்ச்சிக் கட்டுரைபோல் விளக்கப் புகாமல் இருந்தால் நல்லது. சொல்லின் காரணத்தை விளக்கிவிட்ட பேராசிரியர் கதாபாத்திரம் ஒன்று வந்துவிட்டால் அச்சம் அந்தப் பக்கத்தோடு போய்விடுகிறது. இத்தகைய பேராசிரியர்களை நான் ஏராளமாகத் திருத்தியிருக்கிறேன்.

இதில் கடினமானது கடைசிக் கட்டம். கதையைத் தொடங்கிவைத்த சொல், முடிந்த கதையில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நன்காடு என்ற சொல்லிலிருந்து ஒரு கதை பிறந்து, எழுதி முடித்தபின் அந்தச் சொல் அங்கே கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்பதுபோல் தெரிந்தால், அதை எடுத்துவிட வேண்டியதுதான். பெரியவர்கள் ஒரு கொடிய இடத்தை நல்ல பெயரால் அழைக்கிறார்கள் என்ற அமைப்பு கதையில் தங்கியிருந்தால் போதும். அந்தப் பெயர் வேறொன்றாக இருக்கலாம். ஆனால் எழுதுபவர்களுக்கு இது மனம் வராத காரியம். தேடிக் கண்டெடுத்த சொல்லை வாசகருக்குக் காட்டாமல் எப்படி விடுவது என்ற தவிப்பில், அதைத் தலைப்பிலும் வைத்து, முதல் பத்தியிலும் வைத்து, கடைசி வரியிலும் வைத்துவிடுகிறார்கள். நான் படித்த கைப்பிரதிகளில் அரிய சொல் கெடுத்த கதைகளைவிட, அரிய சொல்லின் மீதுள்ள பெருமிதம் கெடுத்த கதைகளே அதிகம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளில் தொடர்ந்து ஏதேனும் வெளியிடும் எண்ணம் இருந்தால், பட்டியல்களைத் தவிர்த்து, வாரத்துக்கு ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் வரும் பழைய வரி ஒன்று, அந்த வரியில் அதன் முன்னும் பின்னும் உள்ள சொற்கள், அதற்கு உள்ள பிற பொருள்கள், அகராதியில் அதற்கு அக்கம்பக்கத்தில் உள்ள சொற்கள் நான்கைந்து ஆகியவற்றைச் சிறிய கட்டத்துக்குள் அச்சிடலாம். எளிய பொருள்விளக்கம் தரலாம்; அதை வைத்து என்ன எழுத வேண்டும் என்ற ஆலோசனையை மட்டும் தயவுசெய்து தர வேண்டாம். முதல் வாரத்துக்கு 'விளி' பொருத்தமாக இருக்கும் என்பது என் பரிந்துரை. மணிமேகலையின் அந்தப் பகுதியை முழுவதுமாக வெளியிட இடம் போதாதென்றால், நரியின் தீவிளியில் தொடங்கிக் கூகையின் குரல் வரைக்குமான இரண்டு அடிகளை மட்டுமாவது, சந்தி பிரித்து, பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்